வெயிலின் நிறம் சாம்பல் நீலம்

வெயிலுக்கு என்ன நிறம் என்று யாராவது கேட்டால் மஞ்சள் என்று என் வாயில் வராது. சாம்பல் கலந்த நீலம் என்றுதான் வரும். வாழ்நாளில் பாதிக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இப்படித்தான் ஆகும். தோலின் மெல்லிய சீவலுக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதில் பல வருஷம் வெயில் பட்ட இடம் மழைமேகம் மாதிரி தெரியும். வெளியே கொளுத்தியதெல்லாம் உள்ளே போய் மேகமாகத் தங்கிவிடுகிறது. இதை முதல் முறை பார்த்த அன்று நான் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. இப்போதும் அதை நினைத்தால் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விடுவேன், கையில் இருக்கும் காபி ஆறிவிடும்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புற்றுநோய்க் கட்டியை எப்படிப் படிப்பது என்று புத்தகம் சொல்லும், இப்போது கம்ப்யூட்டரும் சொல்கிறதாம். அதில் நான் தலையிடப்போவதில்லை. கட்டிக்குப் பக்கத்தில் ஒரு வம்புதும்புக்கும் போகாமல் இருக்குமே நல்ல தோல், யாரும் கண்டுகொள்ளாத தோல், அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஒரு பெண்ணின் வலது கையை அதுதான் காப்பாற்றியது.

மும்பையில், செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். மாட்டுங்காவிலிருந்து வருவார், சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பொட்டலம் இருக்கும். காலையில் முதல் ஸ்லைடை வைத்ததும் கூட வந்த விவரக் காகிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "வயசு சொல்லு. உடம்புல எந்த இடம்னு சொல்லு. அப்புறம் வியாதிக்கு வரலாம்" என்பார். தப்பாகச் சொன்னவர்தான் மற்ற எல்லோருக்கும் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கித் தரவேண்டும். பல வாரங்கள் அந்த லேபின் சாய் முழுக்க என் செலவுதான்.

பிறகு பிடி கிடைத்துவிட்டது. தோலுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று எல்லோருக்கும் பொது. சின்ன வயதில் கொலாஜன் என்ற புரதம் ரோஜா நிற நார்களாக, நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். அதுதான் தோலுக்குத் தெம்பு. அதன் நடுவே எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம் மெல்லிய இழைகளாக மேல்நோக்கி ஏறும். இழுத்தால் தோல் திரும்பிப் போவது அதனால். வயதானால் ரோஜா நார் மெலியும், இழை அறுந்து போகும், அலையலையாக இருந்த மேல்தோல் தட்டையாகிவிடும். வீட்டைவிட்டு வெளியே வராதவருக்கும் இது உண்டு.

இரண்டாவது கடிகாரம் வெயிலில் மட்டும் ஓடும். அது ஓடினால் கொலாஜன் நொறுங்கும். எலாஸ்டினோ குறைவதற்குப் பதிலாகத் தாறுமாறாகப் பெருகி, உருக்குலைந்து, கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். அந்தச் சேர்க்கைதான் நான் சொன்ன சாம்பல் நீல மேகம். பெரிய டாக்டர் தன் முன்கையை மேசைமேல் வைத்துக் காட்டுவார். உள்பக்கத்தைத் தடவி "இது என் வயசு" என்பார். திருப்பிப் போட்டு, கறுத்துச் சுருங்கிய வெளிப்பக்கத்தைத் தட்டி "இது நான் நடந்த தூரம்" என்பார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த விளையாட்டை நான் விடவில்லை. பிரமாதமாகக் கதை கட்டுவேன். இது டாக்சி ஓட்டுகிறவரின் வலது கன்னம், ஜன்னல் பக்கம் வெயில் வாங்கியிருக்கிறது. இது அம்பர்நாத் ஃபேக்டரியில் எப்போதும் நைட் ஷிஃப்ட் பார்த்தவரின் முதுகு, சூரியனுக்கும் இவருக்கும் அறிமுகமே இல்லை. எங்கள் டெக்னீஷியன் முருகேசன் காகிதத்தைப் பார்த்துச் சிரிப்பார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாகப் பேசுவார். "மேடம் மைக்ராஸ்கோப்புல சினிமா பாக்குறாங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கனவு காண்கிறவள் என்ற பெயர் எனக்கு உறுதியாகவே இருந்தது.

இனி அந்தக் கை தப்பிய மழைக்கால நாளுக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆபரேஷனுக்கு முந்தின நாள், அந்த நோயாளியின் ஸ்லைடை முதலில் பார்த்தவரைத் தவிர இன்னொருவர் எடுத்து மறுபடி பார்க்கவேண்டும். அன்று அது என் முறை. காகிதத்தை மூடிக்கொண்டு பார்த்தேன். புற்றுநோய்தான், சந்தேகமே இல்லை. முதலில் ரிப்போர்ட் எழுதிய சக டாக்டர் சரியாகவே எழுதியிருந்தார். துண்டின் ஓரத்தில் நகக்கீற்று அளவுக்கு நல்ல தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கனத்த மேகம். ரோஜா நிறம் என்று சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை. ஜன்னலுக்கு வெளியே செம்பூர் வானமும் அதே நிறத்தில் இருந்தது. எனக்குக் குஷியாகிவிட்டது.

"ஆம்பளை. ஐம்பதைத் தாண்டியாச்சு. கழுத்துப் பின்புறம்" என்றேன். "நிழல்ல வேலை பாக்குற ஆள் இல்லை. எங்கேயோ மொட்டை வெயில்ல, குனிஞ்ச தலை நிமிராம நிக்கிறார்."

முருகேசன் கையைத் தட்டினார். "மேடம் ஹார் கயே, தோத்துட்டீங்க. லட்கி மேடம், பொண்ணு, இருபத்திரெண்டு வயசு. மேல்கை உள்பக்கம். இன்னிக்கி சாய் உங்க தலையில."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாய்க்காரரைக் கூப்பிடக் கீழே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் பால் பொங்கும்வரை நிற்கச் சொன்னார். நின்றேன். நான் தோற்பது புதிதில்லை. முதுகைத் தொடை என்பேன், அறுபதை ஐம்பது என்பேன். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆணும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் ஒன்றா? மேல்கையின் உள்பக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும் இடம், சூரியன் எட்டிப்பார்க்க வழியில்லாத இடம். அங்கே மேகம் எப்படி வரும்? சாயை வாங்காமலே மேலே ஓடினேன்.

அந்தப் பெண்ணின் துண்டு வந்த நாளில், துண்டு எடுக்கிற அதே சின்ன ஆபரேஷன் அறையிலிருந்து வேறு என்ன வந்தது என்று முருகேசனிடம் கேட்டேன். துண்டு போட்ட இன்னொரு பாட்டிலும் வந்திருந்தது. சுடலைமுத்து என்பவர், ஐம்பத்தெட்டு வயது, கழுத்துப் பின்புறம். ரிப்போர்ட்: சாதாரண நார்க்கட்டி, பயமில்லை. அந்த ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். கட்டியைச் சுற்றி நெருக்கமான ரோஜா நார்கள், ஒரு துளி சாம்பல் இல்லை. அவ்வளவு அழகான தோல். வேறொரு நாளாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அன்று உடனே எழுந்துவிட்டேன்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மும்பை மழைக்காலத்தில் ஈரமான பாட்டில்மேல் ஸ்டிக்கர் நிற்காது, உரிந்து விழும். அதனால் மழை மாதங்கள் முழுக்கப் பெயரை மூடிமேல் ஒட்டுவார்கள், மூடிதான் காய்ந்திருக்கும். இரண்டு பாட்டிலையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு, மூடியை மாற்றிப் போட்டால் போதும். ஆபரேஷன் அறையிலா, எங்கள் லேபிலா, யார் கை என்று இன்றுவரை தெரியாது. நான் அதைத் தோண்டவும் இல்லை.

சர்ஜனுக்கு ஃபோன் செய்தேன். அவர் மராட்டிக்காரர், நல்ல கைராசிக்காரர், கோபக்காரர். நாங்கள் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து சண்டை போடுவோம், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். நாளைக் காலை அந்தப் பெண்ணின் மேல்கைச் சதையை ஆழமாக எடுத்து, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பதாக இருந்தது. அதற்கப்புறம் கை வீங்கும், பழைய மாதிரி வேலைக்கு ஆகாது.

"ஒரு நிறத்தைப் பார்த்து ஆபரேஷனை நிறுத்தச் சொல்கிறாயா?" என்றார்.

"ரெண்டு நிறத்தைப் பார்த்து" என்றேன்.

"சின்ன வயசிலேயே வெயில் தாங்காத வியாதி இருந்தால்? அந்தத் தோலும் உள்ளே கிழடாகத்தானே இருக்கும்? நீ தள்ளிப்போட்டு, அது பரவிவிட்டால் யார் பொறுப்பு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அபூர்வமாக அப்படி ஒரு வியாதி உண்டு. அது இருந்தால் என் மேகம், என் விளையாட்டு எல்லாம் பொய்யாகி, அந்தப் பெண்ணின் உயிரோடு நான் விளையாடியதாக முடியும். கண்ணாடித் துண்டுக்குள் பதில் இல்லை. அவளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "நானும் வருகிறேன்" என்று ஃபோனை வைத்தார்.

நாம் வார்டுக்குப் போகிறவர்கள் இல்லை. மனிதர்கள் நம்மிடம் துண்டாகத்தான் வருவார்கள். படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கியது, பயமும் ஒரு காரணம்.

பேச்சியம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தாராவியில் சட்டை தைக்கிற ஒரு பட்டறையில் வேலை. பக்கத்தில் அவளுடைய அம்மா. சர்ஜன் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், புறங்கையைப் பார்த்தேன்.

"வெயில்ல போனா கண்ணு கூசுமா? சின்ன வயசுலேருந்து தோல் வெந்துபோகும், புள்ளி புள்ளியா வரும், அப்படி ஏதாவது உண்டா?"

"இல்ல டாக்டரம்மா. நான் எங்கன வெயில்ல போறேன்? காலைல மெஷின்ல உக்காந்தா பொழுதடைஞ்சிதான் எந்திரிப்பேன்."

"கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா."

தூக்கினாள். சின்னத் தையலுக்குப் பக்கத்தில் அந்தத் தோல் பட்டுப்போல இருந்தது. விரலால் லேசாகக் கிள்ளி விட்டேன், சட்டென்று பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அதன் உள்ளே ரோஜா நார்கள் பின்னிக் கிடப்பது எனக்குத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மைக்ராஸ்கோப் இல்லாமல் தெரிந்தது. நான் சர்ஜனைப் பார்த்தேன். அவர் குனிந்து அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, நாளைய ஆபரேஷன் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார்.

பேச்சியம்மாள் என் சேலை நுனியைப் பிடித்தாள். "கைய எடுத்துருவியளோன்னு ராத்திரி பூரா தூங்கல டாக்டரம்மா. இப்ப எதுக்கு வேண்டாங்குதிய?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. உனக்கு ஒன்றும் இல்லை என்ற அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்ல நான் எவ்வளவு தவித்தேன் தெரியுமா? ஆனால் மறுபடி ஒரு துண்டு எடுத்துப் பார்க்காமல் சொல்லக்கூடாது. கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால் அது பெரிய பாவம். "இன்னொரு டெஸ்ட் பாக்கணும்மா. பாத்துட்டு நானே வந்து சொல்றேன்" என்றேன்.

அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஆபரேஷன்கூட வேண்டாம் என்றால் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம், அப்படித்தானே ஊரில் எல்லோரும் நினைப்பார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேற்ற ஒரு வார்த்தையும் கையில் இல்லாமல் நான் அங்கேயே நின்றேன். என் வேலையில் அதைவிட நீளமான நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

பழைய தையலின் ஓரத்திலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுத்தோம். பாட்டிலை நானே கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு நடந்தேன். பெயரைப் பாட்டிலின் உடம்பில் பிளாஸ்திரி சுற்றி எழுதியிருந்தேன். முருகேசன் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. ஸ்லைடு தயாரானதும் அவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ரோஜா நிறம். ஓரத்தில் நார்க்கட்டியின் மிச்சம் கொஞ்சம், வேறு எதுவும் இல்லை. நான் மேலே போய்ப் பேச்சியம்மாளிடம் சொன்னேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தூங்கும் குழந்தையைப் பிடித்திருப்பதுபோல.

படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பாதிப் படியில் அது நின்றுவிட்டது. இவளிடமிருந்து எடுத்ததை நான் இனி இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

சுடலைமுத்து மறுநாள் வந்தார். தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை உடைத்துக் கழுவி, கூரைமேல் பரப்பிக் காயவைக்கிற வேலை. மழைக்காலத்தில் வேலை குறைவு, அதனால்தான் கழுத்துக் கட்டியைக் காட்டவே வந்திருந்தார். இப்போது சந்தோஷமாக வந்தார், ரிப்போர்ட் நல்லபடி என்று சொல்லி அனுப்பிய ஆஸ்பத்திரி அல்லவா. சர்ஜன் சொல்கிறேன் என்றார். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் குனிந்து செருப்பை ஓரமாக விட்டபோது கழுத்துப் பின்புறம் தெரிந்தது. தடித்து, மஞ்சள் பாய்ந்து, ஆழமான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த தோல். உள்பக்கமாகத் தெரிந்த தோல்.

பாட்டில் மூடி மாறியதை மறைக்காமல் சொன்னேன். யாருடையதோடு மாறியது என்பதை மட்டும் சொல்லவில்லை. நோயின் பெயரைச் சொன்னேன். இன்னும் பரவவில்லை என்றுதான் தெரிகிறது, சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு என்றும் சொன்னேன். அவர் கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி ஒண்ணும் இல்லன்னு சொன்னாவளே" என்றார்.

"தப்பாச் சொல்லிட்டோம். எங்க தப்பு."

"அப்படின்னா என் சீக்க இத்தன நாளும் வேற யாரோ சொமந்துட்டு இருந்திருக்காவ."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவியகிட்ட சொல்லிட்டியளா? எறக்கி வச்சிரச் சொல்லுங்க டாக்டரம்மா. பாவம், சொமந்தவியளுக்குத்தான தெரியும்."

"இறக்கி வச்சாச்சு" என்றேன். அதற்குமேல் என்னால் அவர் எதிரே உட்கார முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அந்த வாரமே ஆபரேஷன். எடுத்த சதையின் ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. வேறு யாரையும் தொடவிடவில்லை. ஓரம் ஓரமாக, ஒரு நூல் இடம் விடாமல் பார்த்தேன். எல்லாப் பக்கமும் மேகம். சாம்பல் நீலமாக, அமைதியாக, அவர் கூரைமேல் நின்ற அத்தனை பகலும் அங்கே கிடந்தன. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்து முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. முருகேசன் சாய் வைத்துவிட்டுப் போனார், அது ஆறிப்போனது.

மூடியில் பெயர் ஒட்டுகிற வழக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் அத்தோடு ஒழிந்தது. நீங்களும் செய்யாதீர்கள், மழை பெய்தாலும் செய்யாதீர்கள். காகிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்ளும் விளையாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோற்றால் சாய் வாங்கிக் கொடுங்கள். ரொம்ப தூரத்தில் தோற்றால் சாயை மறந்துவிட்டு மேலே ஓடுங்கள்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு சுடலைமுத்துவுக்கு நானே ஃபோன் செய்தேன். அன்று மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. அவர் வீட்டில்தான் இருந்தார், கழுத்தில் கட்டோடு.

"ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. நோய் இல்லை" என்றேன். சந்தோஷத்தில் என் பழைய புத்தி போகாமல், "உள்ளே வெயில் மட்டும்தான் இருக்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சிரிப்பது கேட்டது.

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. வெயிலு இல்லாம பிளாஸ்டிக்கு எப்படிக் காயும்?"